மதியம் வாடாத கானாவாழை

கானாவாழைப் பூவின் ஆயுள் ஒரு காலைப்பொழுதுதான். விடியலில் விரியும். வெயில் உச்சிக்கு வருவதற்குள் நீல இதழ்கள் கரைந்து மை போலாகித் தன் உறைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். தாரிணிக்கு இது ஏட்டறிவு மட்டும் இல்லை. திருச்சியில் எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்தபோது அந்தப் பூவைத் தாளில் ஒட்டிப் பத்திரப்படுத்தப் போய், மத்தியானத்துக்குள் தாளில் நீலக்கறை மட்டும் மிஞ்சி, வகுப்பே அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. அதனால்தான், இந்தத் தெலுங்கு ஊரில், மல்காஜ்கிரியில், மூன்றாம் மாடிப் பால்கனிக்குச் சாயங்கால வெயிலில் துணி எடுக்கப் போனவள், தொட்டியில் அந்தப் பூ முழுசாக விரிந்திருப்பதைக் கண்டதும் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

மேலே இரண்டு இதழ், நல்ல நீலம். கீழே ஒன்று, சிறியது, வெளிறியது. ஒரு விரலால் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. குனிந்தால் பூவுக்கு வாசனை இல்லை, மண்ணுக்குத்தான் இருந்தது. மூடிப்போட்டு வெகுநாள் திறக்காத தண்ணீர்த் தொட்டியின் வாடை. பக்கத்து மனையில் கான்கிரீட் கலவை இயந்திரம் உருண்டுகொண்டிருந்தது, ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் நீளமாக ஊதியது. வீட்டுக்குள் மட்டும் சத்தமே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கார்ட்டூன் போடச் சொல்லி அடம்பிடிக்கிற ரஷ்மி, யூனிபார்மோடு, ஒரு காலில் சாக்ஸோடு, சோபாவில் தூங்கிப்போயிருந்தாள்.

வெயில் அதிகம், களைப்பு என்று தாரிணி நினைத்துக்கொண்டாள்.

அந்த மண் ஜூலையில் வந்தது. பக்கத்து மனை முன்பு ஒரு குண்டா, அதாவது சின்னக் குளம். அதைத் தூர்த்து, மறுபடி அஸ்திவாரத்துக்குத் தோண்டியபோது கரிய வண்டல் மலை மாதிரிக் குவிந்தது. அடுக்ககமே பக்கெட்டோடு இறங்கியது. நர்சரியில் காசு கொடுத்தாலும் இப்படி மண் கிடைக்காது என்று தாரிணி தானே நான்கு பேருக்குச் சொன்னாள். தாவரவியல் படித்தவள் சொன்னால் மறுபேச்சு ஏது? ஐந்து வயது ரஷ்மி கடற்கரை விளையாட்டுக் கரண்டியால் அள்ளி அள்ளித் தொட்டியை நிரப்பினாள்.

ரோஜாவுக்காக வைத்த தொட்டியில் ரோஜா வரவில்லை. கானாவாழை வந்தது. ஈரமும் கிளறிப்போட்ட மண்ணும் கண்டால் அது யார் அனுமதியும் கேட்காது. தண்டை ஒடித்துப் போட்டால் ஒவ்வொரு கணுவும் வேர் விடும், வருஷக்கணக்கில் போகாது. மற்றவர்கள் பிடுங்கி எறிவார்கள். தாரிணி விட்டுவைத்தாள். அது முளைத்த அன்றைக்கு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அதன் அதிசயத்தைச் சொன்னாள்.

"இது மேல மட்டும் இல்லடி, மண்ணுக்குள்ளயும் பூக்கும். வெள்ளையா ஒரு தண்டு கீழ போகும், அதுல சின்னச் சின்னப் பூ. ஆனா அது திறக்கவே திறக்காது. மூடுன மேனிக்கே விதை வெச்சிரும்."

ரஷ்மிக்குத் தமிழ் புரியும், ஆனால் வாயில் வருவதெல்லாம் பள்ளிக்கூடத்துத் தெலுங்குதான். தொட்டியையே பார்த்தபடி "பயம் வெய்யதா?" என்றாள்.

"பூவுக்கு என்னடி பயம்?"

மகள் விரலால் மண்ணில் ஒரு குழி போட்டு, அதற்குள் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

பிரசவத்துக்காக அவள் நிறுத்திய முனைவர் பட்டம் அப்படியே நின்றுவிட்டது. கணவன் பிரசன்னாவுக்கு ஹைடெக் சிட்டியில் வேலை கிடைத்து ஊரை மாற்றினார்கள். இப்போது அவன் நியூஜெர்சியில். தார்நாகாவில் இருக்கிற அறிவியல் ஆய்வுக்கூடத்தின் வாசலை ஷேர் ஆட்டோவில் கடக்கும்போதெல்லாம் தாரிணி அது மறையும் வரை திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். இருட்டும் வரை வாடாத கானாவாழை என்றால் சும்மாவா? படம் எடுத்து, பழைய வழிகாட்டி நாராயணசாமி சாருக்கு அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது. உண்மையாக இருந்தால் இதை வைத்தே பட்டத்தை முடித்துவிடலாம், மண்தான் காரணமா செடிதான் காரணமா என்று பார், அதுவரை அந்தத் தொட்டியை அசைக்காதே அம்மா என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அவள் சமையலறையில் தனியாக நின்று சிரித்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

உடனே, கற்ற முறைப்படி, தண்டைக் கணுக் கணுவாக நறுக்கினாள். சிலதை அதே வண்டலில் வைத்தாள். சிலதைக் கடையில் வாங்கிய தேங்காய்நார்க் கழிவில், ஹார்லிக்ஸ் பாட்டிலில், பால் பாக்கெட்டில். ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. எல்லாம் பூத்தன. எதிலும் பூ வாடவில்லை.

ரஷ்மி மட்டும் வாடினாள்.

முதலில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தூங்கினாள். பிறகு வேனிலேயே. பிறகு வகுப்பில் மதிய மணி அடிப்பதற்குள் பெஞ்சில் தலை சாய்ந்துவிடுகிறது என்று டீச்சர் போன் செய்தாள். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், ரத்தம் எடுத்தார், சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து என்று சிரப் எழுதினார். காய்ச்சல் இல்லை. வலி இல்லை.

"வளர்ற குழந்தை, தூங்கட்டுமே தாரு," என்றான் பிரசன்னா, வெப்கேமில் விட்டு விட்டுத் தெரிந்தபடி. "நீ பூவைக் கவனி. சார் என்ன சொல்றார்?"

அவள் பூவைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். அதுதான் பிற்பாடு அவளால் பொறுக்க முடியாததாக இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் பூ விரிந்திருக்கிறதா என்று எழுந்து பார்த்தவள், மகள் சாப்பிட்டாளா என்று இரண்டாவதாகத்தான் பார்த்தாள்.

ஒரு முற்பகல், பள்ளிக்கு அனுப்பாமல் கட்டிலில் போட்டிருந்த ரஷ்மி, கண் திறக்காமலே பேசினாள். "தூப ஐதாந்தி."

வாட்ச்மேன் யாதகிரி தண்ணீர் கேட்கும்போது சொல்கிற வார்த்தை அது. வேலைக்கு வந்த கிராமத்து ஜனங்கள் தாகத்தை அப்படித்தான் சொல்வார்கள். ரஷ்மியின் பள்ளிக்கூடத்தில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். குரலும் கொஞ்சம் கரகரப்பாக, தொண்டையில் மணல் சிக்கியதுபோல் இருந்தது. தாரிணி தம்ளரைக் கொண்டுபோய் உதட்டில் வைத்தாள். குழந்தை குடிக்கவில்லை. தண்ணீர் வாயோரம் வழிந்து தலையணையில் இறங்கியது. அந்த ஈரத்திலிருந்து வண்டல் வாடை எழுந்தது.

எதிர் வீட்டுப் பட்டு மாமியைக் கூட்டிவந்து காட்டினாள். மாமியும், ராணுவ ஆலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அவர் கணவர் ராமசுவாமியும் முப்பது வருஷமாக இந்த ஊர். மாமி குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், பால்கனியை எட்டிப் பார்த்தார், வரிசையாக நின்ற நீலத்தைப் பார்த்துவிட்டு நகரவே இல்லை.

"இதெல்லாம் பக்கத்து மனை மண்ணா?"

"அந்தத் தொட்டியும் இன்னும் ரெண்டு மூணும்தான் மாமி. மத்ததெல்லாம் அதுலேர்ந்து வெட்டி வெச்சது."

"நான் அப்பவே எங்காத்துல நக்கோ, வேண்டவே வேண்டாம்னுட்டேன். நோக்கு யாரும் சொல்லலியா? நீங்க லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேள் போலருக்கு." மாமி குரலைத் தாழ்த்தினார். "ஜூன்ல மழை பெஞ்சுதே, அப்போ அந்தக் குழியில ஒரு பக்கம் சரிஞ்சுடுத்து. பாலமூர்லேர்ந்து மண்வேலைக்கு வந்தவா. அவா கொழந்தை ஒண்ணு உள்ள வெளயாடிண்டிருந்ததாம். பொண்ணு. நம்ம ரஷ்மி வயசுதான்."

"கெடைச்சுதா மாமி?"

"ஹவ், ஆமா, கெடைச்சுதுன்னுதான் பில்டர் சொன்னான். துணியில என்னமோ சுத்தி, தாயார்காரி மடியில வெச்சு, அன்னிக்கே லாரியில ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டான். அவ பிரிச்சுப் பார்க்கணும்னு கதறினா. யாரும் விடலை." மாமி தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "மறுநாள்லேர்ந்து அதே மண்ணைத்தான் மேல கொண்டுவந்து கொட்டினா."

மாமி போனபின் தாரிணி வெகுநேரம் பால்கனிக் கதவருகிலேயே நின்றாள். அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அவள் படித்த படிப்பு விடவில்லை. பூவுக்கும் மகளுக்கும் தொடர்பு என்றால் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பூ போதும்.

மறுநாள் காலை, கட்டில் தெரியும்படி கதவை அகலத் திறந்துவைத்தாள். ஹார்லிக்ஸ் பாட்டில் பூவைக் காம்போடு கிள்ளினாள். நசுக்கினாள். விரல் நுனி நீலமானது.

கட்டிலில் ரஷ்மியின் மார்பு ஏறியது. இறங்கவில்லை.

கலவை இயந்திரம் உருண்டது. எங்கேயோ குக்கர் கூவியது. தாரிணி ஓடினாள். குழந்தையைத் தூக்கி உலுக்கினாள். முதுகில் தட்டினாள். பெயரைச் சொல்லிக் கத்தினாள். வெகுநேரம் கழித்து, மேலேயிருந்து யாரோ கை கொடுத்து இழுத்தாற்போல, அந்த மூச்சு வெளியே வந்தது. உதட்டோரத்தில் கொஞ்சம் கறுப்பு. துடைத்தாள். மண்.

இனிப் பறிக்கவும் முடியாது. எறியவும் முடியாது. அவளே நறுக்கி, அவளே ஊன்றி, அவளே தண்ணீர் விட்டு வளர்த்த அத்தனையிலும் மகளின் மூச்சு பிரிந்து நின்றது. தொட்டியை அசைக்காதே என்றார் சார். அவள் அசைத்திருக்க வேண்டும். முதல் நாளே மாடியிலிருந்து தூக்கிப் போட்டிருக்க வேண்டும்.

மேலே தொடக்கூடாது என்றால், கீழே?

முதல் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள். இலையில் கை படாமல், ஓரத்தில் விரலை விட்டாள். மேல்மண் சூடாக இருந்தது. உள்ளே போகப் போகக் குளிர்ந்தது. தொட்டியின் ஆழத்துக்குப் பொருந்தாத குளிர். விரல்களில் முதல் தண்டு பட்டது. வெள்ளை. வெளிச்சம் காணாத வெள்ளை. அதைப் பிடித்தபடி மண்ணை விலக்கினாள். புத்தகத்தில் இருப்பது போலவேதான் இருந்தது. சின்ன உறைகள், ஒவ்வொன்றிலும் துளி வழவழப்பு, உள்ளே மூடிய பூ. அவள் எதிர்பார்த்தது இதைத்தான். இதில் பயப்பட எதுவும் இல்லை.

ஒரு உறையை நகத்தால் மெல்லப் பிரித்தாள்.

உள்ளே இதழ் இல்லை. ஈரமான, மெல்லிய தோல். அதன் விளிம்பில் வரிசையாகக் கறுப்பு மயிர். இமை. இறுக மூடிய, சின்னஞ்சிறு இமை. இடது ஓரத்தில் அம்மைத் தழும்பு. போன வருஷம் சொறியாதே சொறியாதே என்று அவள் இரவெல்லாம் ரஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அதே தழும்பு.

அடுத்த உறை. அதேதான். அதற்கடுத்ததும்.

அப்போதுதான் பால்கனியில் ஏதோ மாறியது. தலை தூக்கினாள். உச்சி வெயில். தொட்டியில், பாட்டிலில், பால் பாக்கெட்டில், பூக்கள் சுருங்கின. இத்தனை நாள் இல்லாத ஒழுங்காக, எந்தக் கானாவாழையும் செய்வதுபோல, நீலம் கரைந்து உறைக்குள் இறங்கியது. ஒன்று. இன்னொன்று. கடைசி ஒன்று.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

ரஷ்மி உட்கார்ந்திருந்தாள். கண்கள் அகலத் திறந்திருந்தன. எத்தனையோ நாளாக வெளிச்சத்தையே பார்க்காதவள்போல் ஜன்னலை, வெயிலை, தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நன்றாக, ஆழமாக மூச்சு விட்டாள். கன்னத்தில் ரத்தம் ஓடியது. இமையோரத்தில் தழும்பு இல்லை.

"தூப ஐதாந்தி," என்றாள். பிறகு தாரிணியைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். யாரோ ஒரு அந்நியப் பெண்ணைப் பார்க்கிற பார்வை. உதடு பிதுங்கியது. "மா அம்மா ஏதி?"

என் அம்மா எங்கே.

தாரிணியின் கை இன்னும் மண்ணுக்குள்தான் இருந்தது. எடுக்க முடியவில்லை. உள்ளே, குளிர்ந்த ஆழத்தில், அவள் சுண்டுவிரலை எதுவோ பற்றியிருந்தது. சாலை கடக்கும்போது பற்றுகிற மாதிரி. பழகிய பிடி. அவள் குனிந்தாள். மண்ணில் கன்னத்தை வைத்தாள்.

பிறந்ததிலிருந்து ஒருநாளும் முழுசாகத் தமிழில் பதில் சொல்லாத குழந்தை, அடியிலிருந்து, தெளிவாக, தமிழில் கூப்பிட்டது.

"அம்மா. கண்ணு தெறக்க வரல."