பசறைக் கம்பி

ஞாயிறு காலை எட்டு மணிக்கு பலீல் குடையை உதறி மூலையில் சாத்திவிட்டு, பதுளைத் தொலைபேசி நிலையத்தின் இணைப்புப் பலகை முன்னால் உட்கார்ந்தான். மூன்று நாள் மழை. அறை முழுக்க ஈரக் கம்பளி வாடை.

கூப்பிடுகிறவர் வாயைத் திறந்ததும் பாஷையைக் கண்டுகொண்டு அதே பாஷையில் பதில் சொல்வது அவன் வேலை. வெலிமடைக் கம்பி இரையும்; மொனராகலைக் கம்பி கிணற்றுக்குள்ளிருந்து பேசும். எதுவானாலும் அரை மூச்சு போதும். தமிழோ சிங்களமோ இங்கிலீஷோ, நாக்கு தானாகத் திரும்பிவிடும். மூளையைத் தொந்தரவு செய்வதில்லை.

இன்று மூளை பசறையில் இருந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் போன மனைவி றமீலா அங்கே, மலையடிவாரத்தில், தாய் வீட்டில்.

"பசறைக் கம்பியில மூணு கம்பம் ஆத்தோட போயிருச்சு, நானா," என்றான் கம்பி பழுதுபார்க்கும் முருகையா. "நீங்க மொறைச்சா எந்திரிச்சு நிக்குமா?"

பத்தரைக்கு, பசறையிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் விழும் தகரமூடி 'டக்'கென்று விழுந்தது.

முருகையாவின் சிரிப்பு நின்றது.

பலீல் இணைப்பைக் கொடுத்தான். ஒரே இரைச்சல். அதற்கடியில், மண்ணை மென்றுகொண்டே பேசுவதுபோல ஒரு குரல். ஏதோ கேள்வி கேட்டது. என்ன பாஷையென்று பிடிபடவில்லை.

றமீலா உயிரோடு இருக்கிறாளா? தமிழில் கேட்டான். சிங்களத்தில் கேட்டான். இங்கிலீஷில் கெஞ்சினான்.

இரைச்சல் அடங்கியது.

குரல் காதோரத்தில், துல்லியமாக, முதலில் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டது.

பலீலின் நாக்கு தானாகத் திரும்பியது.

என்ன பாஷையில் என்ன பதில் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"நானா... யாரோட பேசுறீங்க?" முருகையா கிசுகிசுத்தான்.

பலீல் விளக்கம் சொன்னான், தமிழில்தான் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு. அதைக் கேட்ட முருகையா கதவைத் திறந்துபோட்டுவிட்டு மழையில் ஓடினான்.

மூடி மறுபடி விழுந்தது.

"பதுளையா? பலீலைக் கூப்பிட ஏலுமா? நான் அவர்ட பொண்டாட்டி."

றமீலா!

"வீட்டுக்குப் பின்னால மலை வெடிச்சு நிக்கிது. வெளிய ஓடவா, உள்ளுக்கே இருக்கவா? அவர்ட்ட கேட்டுச் சொல்லுங்க!"

ஓடு என்று பலீல் அலறினான். தொண்டையில் மண் கரகரத்தது.

"யாருங்க? இது என்ன பாஷை?"

மூன்று பாஷையிலும் முயன்றான். ஒன்றுகூட வாயில் இல்லை.

அப்போது கம்பியில் பலீலின் குரல், பலீலின் தமிழில், நிதானமாகச் சொன்னது: "பயப்படாத, றமீலா. உள்ளுக்கே இரி."

"சரிங்க," என்றாள் அவள், நிம்மதியாக. போனை வைத்துவிட்டாள்.

பிறகு அந்தக் குரல் மண்ணை மெல்லும் தன் பாஷைக்கே திரும்பி, பலீலிடம் ஏதோ சொன்னது.

இந்தத் தடவை அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.