பச்சைக் கல்லும் ஒரு பிணமும்

பிணத்தின் வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது!

நொய்யல் ஆற்றங்கரை. சாயத் தண்ணீரில் குப்புறக் கிடந்தவனைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். பின்மண்டையில் காயம்.

எஸ்.ஐ. சித்ரகலா குனிந்து விரல்களைப் பிரித்தாள்.

உள்ளே... ஒரு பச்சைக் கட்டி!

"சாயமுங்க மேடம்," என்றார் ஏட்டு நல்லான். "சாயப்பட்டறை டையிங் கார்டு வெச்சிருக்கறானுங்க. பேரு இசக்கிமுத்து."

"சாயம்னா தண்ணியில கரைஞ்சிருக்கும் நல்லான். இது கரையலையே!"

போலீஸுக்கு வருமுன் அவள் படித்தது ஜியாலஜி. அந்தப் படிப்பு இந்த பனியன் ஊரில் என்றாவது உதவும் என்று நினைத்ததே இல்லை.

ஸ்டேஷனில் ஒரு துணுக்கைச் சுரண்டி, பாத்ரூம் கழுவும் ஆசிட்டை விட்டாள்.

புஸ்ஸ்ஸ்...!

நுரைத்துப் பச்சையாகக் கரைந்தது. அதில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டாள். சற்று நேரத்தில் ஆணி நுனி செக்கச்செவேல்!

"செம்பு!" என்றாள் சித்ரகலா. "செம்புக் கல்லு ஆத்துல கிடைக்காது. இவன் செத்தது ஆத்துல இல்ல."

லைன் வீட்டு வாசலில் இசக்கிமுத்துவின் மனைவி நதியா சுவரில் சாய்ந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை லீவுலயும் சும்மா இருக்க மாட்டாவம்மா. அவிநாசிபாளையத்துல, சென்னியப்பன்னு ஒருத்தரு தோட்டத்துல கெணறு ஆழப்படுத்தப் போனாவ..."

நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"தலைக்கு எண்ணெய் தேச்சு விடுன்னு கேட்டாவ. வந்த பொறவு தேய்க்கேன், இப்பம் போங்கன்னு வெரட்டிட்டேனே...!"

சித்ரகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜீப் அவிநாசிபாளையம் பறந்தது.

"வாங்கம்மணி! டீத்தண்ணி குடிக்கறீங்களா?" சென்னியப்பன் கும்பிட்டார்.

"கெணத்துல எறங்கணும்."

கும்பிட்ட கை அப்படியே நின்றது.

சித்ரகலா கிணற்றுப் படிகளில் இறங்கினாள். பாறைச் சுவரில் வெள்ளைக் கல் நரம்பு ஒன்று ஓடியது. அதன்மேல் பாசி படிந்தாற்போல் பச்சை! மேலே உள்ளங்கை அகலம். இறங்க இறங்க விரல் அகலம். அப்புறம் நூல்...

அடியில் புது மண் கொட்டி மூடியிருந்தது!

நல்லானைத் தோண்டச் சொன்னாள். வெறும் பாறை. நரம்பும் இல்லை, பச்சையும் இல்லை.

"இவ்வளவுதான் செம்பு!" என்றாள். "கொஞ்சூண்டு தாது. மழைத்தண்ணி அதைக் கரைச்சு விரிசல்ல பச்சையாப் பூசிருக்கு. மொத்தத்தையும் சுரண்டினாலும் ஒரு குடம் தேறாது."

மேலே ஏறி வந்தார்கள். கிணற்று மேட்டில், வெட்டிப் போட்ட கல் ஒன்றில் காய்ந்த ரத்தம்!

"செம்பு இருக்குன்னு வெளிய சொல்லிருவான்னு கொன்னுட்டீங்க. அப்படித்தானே?"

சென்னியப்பன் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இல்லீங்கம்மணி... இல்லைன்னு சொல்லிருவான்னுதானுங்க!"

"என்னது...?"

"பச்சைக் கல்லக் காட்டித்தானுங்க ஒரு டையிங் மொதலாளிக்குத் தோட்டத்த வெலை பேசியிருந்தேன். இவன் அடியத் தோண்டிப் பாத்துட்டு, 'கீழ ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அவிய எங்க மொதலாளி. அவியள ஏமாத்தக் கூடாது'ன்னு கல்லோட கெளம்பிட்டானுங்க. தடுத்தேன். கேக்கல. தள்ளினேனுங்க... மண்டை கல்லுல பட்டு..."

குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அவன் தோண்டின எடத்த மண்ணப் போட்டு மூடிட்டு, அவன ஆம்னி வேன்ல போட்டு ஆத்துல தள்ளிட்டேனுங்க. கையில இருக்கற பச்சையப் பாத்தா சாயம்னு உட்ருவாங்கன்னு..."

சித்ரகலா அந்த முதலாளிக்கு போன் போட்டாள்.

"நெலத்துல செம்பு இல்லீங்களா?" அவர் பெருமூச்சு விட்டார். "நல்ல வேளைங்க, தப்பிச்சேன்! எந்தப் புண்ணியவானுங்க கண்டுபிடிச்சது?"

"உங்க டையிங் இசக்கிமுத்து. அதுக்காகவே செத்திருக்கான்."

எதிர்முனை யோசித்தது.

"இசக்கிமுத்துங்களா...? யாருங்க அது?"

சித்ரகலா போனை வைத்துவிட்டாள். இதை நதியாவிடம் எப்படிச் சொல்வது...?

சென்னியப்பனுக்கு ஜீப் கதவைத் திறந்துவிட்டு நல்லான் பணிவாகச் சொன்னார்:

"ஏறுங்க சாமி! செம்பு போனாப் போவுதுங்க... ஜெயிலுக்கு உள்ளார அலுமினியத் தட்டு கட்டாயம் குடுப்பாங்க!"