அட்டைப்படத்துச் சேறு

வியாழக்கிழமை, காலை ஏழேமுக்கால். காலாஸ் ஆற்றில் வலை எடுக்க வந்த மீன்காரன்தான் அந்த மஞ்சள் ஜீப்பை முதலில் பார்த்தான். செங்குத்தான சரிவின் அடியில், மூக்கை ஆற்றில் குத்திக்கொண்டு, பாறைமேல் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வலப்பக்கமும் பின்பக்கமும் தண்ணீருக்கு மேலே. ஓட்டுநர் இருக்கையில் கியட். வளைந்துபோன இரும்புக்கு அடியில் முழங்கால் மாட்டியிருந்தது. உடல் இடப்பக்கம் சரிந்து, தலை தண்ணீருக்குள் இருந்தது.

பத்து மணிக்கு அவன் அம்மா சூ ஹியாங் வந்து சேர்ந்தாள்.

குவா மூசாங் கடைத்தெருவில் நாலு சக்கர வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்பவள், பின்னால் பட்டறையும் உண்டு; முதலாளி என்ற பொருளில் ஊருக்கு அவள் 'தவுக்கே'. வாடிக்கையாளர் விலை கேட்கிற தொனியை வைத்தே, வாங்க வந்தவரா, சும்மா ஃபேன் காற்று வாங்க வந்தவரா என்று சொல்லிவிடுவாள். புருஷன் போனபின் கடையையும் மகனையும் அவள் ஒருத்தியே இழுத்து வந்தாள். கடை நிலைத்தது. மகன் கரையில் தார்ப்பாயின் கீழ் கிடந்தான்.

அழுது முடித்ததும் போலீஸ் சார்ஜன் வான் ரம்லி தொண்டையைச் செருமினார்.

"தவுக்கே, சொல்லக் கஷ்டமா இருக்கு. வண்டிக்குச் சொந்தக்காரர் டாக்டர் ஃபிக்ரி புகார் குடுத்துட்டாரு. வண்டியை உங்க பையன் திருடிட்டான்னு."

"என் பட்டறையில நிக்கிற வண்டியை என் பையன் திருடுவானா? என் கல்லாவை நானே உடைப்பேனா?"

"நம்பர் பிளேட்டைப் பாருங்க. கறுப்பு டேப்பு. நேர்மையா ஓட்டுறவன் எதுக்கு நம்பரை மறைக்கணும்? கதவு வரைக்கும் சேறு. ராத்திரி பூரா கண்ட இடத்துல சுத்தியிருக்கான். சன்வைசர்ல ஒரு சிகரெட் பாக்கெட்டு செருகியிருக்கு, உள்ள வெறும் துண்டுங்க. ஓட்டிக்கிட்டே ஊதித் தள்ளியிருக்கான்."

சூ ஹியாங் வண்டியை நோக்கி நடந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி ஜீப்பைச் சுற்றி வந்தாள். சரக்கு இறங்கும்போது பெட்டி பெட்டியாகத் திறந்து பார்ப்பாளே, அந்தப் பார்வை. வலது பின்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உள்வளைவில் கைவிட்டுத் தடவினாள். விரலைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"என்ன தேடுறீங்க?"

"சேத்தை. வெளிய இவ்வளவு இருக்கு. உள்ள எங்கே போச்சு?"

சார்ஜனுக்குப் புரியவில்லை. புத்தி கலங்கிய தாய் என்று நினைத்துக் குடையைப் பிடித்தார்.

பிற்பகலில் ஆஸ்பத்திரித் தகவல் வந்தது. தண்ணீரில் மூழ்கி மரணம். உயிர் போனது விடியற்காலை ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில். சார்ஜன் கணக்கை முடித்துவிட்டார்: விடியற்காலையில் வேகமாக வந்தான், சரிவில் உருண்டான், செத்தான். மேலே மலையில் பெய்த மழையால் ஆறு ராத்திரியே பெருகியிருந்தது. தப்ப வழியில்லை.

சனிக்கிழமை காலை பெட்டி கடைத்தெரு வழியாகப் போகும். இருபது வருஷமாக அவளிடம் விலை பேசித் தோற்றவர்கள் எல்லாம் இருபக்கமும் நின்று பார்ப்பார்கள். அதற்குள் அவன் திருடன் இல்லை என்று ஆகவேண்டும். சூ ஹியாங்குக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் ஃபிக்ரியைக் கடையிலேயே பிடித்தாள். கோத்தா பாருவில் கிளினிக் வைத்திருப்பவர். காட்டில் ஓடவேண்டிய ஜீப்பை வாங்கி, காட்டுக்கு வேண்டிய அத்தனையும் மாட்டி, மெழுகு போட்டுத் துடைத்து வைத்திருக்கிற ரகம். 'லும்பூர்' என்ற நாலு சக்கர வண்டி மாத இதழ் அதைப் படம்பிடித்துப் போடப்போவதாகச் சொன்னதிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை. படப்பிடிப்பு வெள்ளிக்கிழமை மாலை, நகரத் திடலில், அவர் முன்னிலையில். அதுவரை வண்டி அவள் பட்டறையில், கியட்டின் பொறுப்பில். அதுதான் ஏற்பாடு.

"மேட்டுல ஏத்தாதே, சேத்துல எறக்காதேன்னு கியட்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்," என்றார்.

"நேத்து சாயங்காலம் எங்கே இருந்தீங்க?"

"கிளினிக்ல. எட்டு மணி வரைக்கும் கூட்டம்."

"இன்னிக்கு விடியக்காலை ஆத்தோரம் உங்க காரைப் பார்த்தாங்களாம்."

டாக்டரின் காது சிவந்தது. "ராத்திரியே கிளம்பி வந்தேன். ஒண்ணுக்குப் போக நிறுத்தினேன். இதெல்லாம் ஒரு கேள்வியா தவுக்கே?"

"நம்பர் பிளேட்டுக்கு யாரு டேப்பு ஒட்டினது?"

"அதுதான் வயித்தெரிச்சல்! என் பொறந்த தேதி அந்த நம்பர். ஏலத்துல போட்டி போட்டு எடுத்தது. படத்துல நம்பர் பளிச்சுன்னு தெரியணும்னு அந்தப் போட்டோகாரன்கிட்ட எவ்வளவு கெஞ்சினேன். பத்திரிகைல நம்பர் காட்ட மாட்டோம், மறைச்சிடுவோம்னுட்டான்."

சூ ஹியாங் தலையாட்டினாள். டாக்டரைப் பற்றி அவள் மனத்தில் போட்டு வைத்திருந்த சந்தேகத்தை அந்த இடத்திலேயே அடித்துவிட்டாள்.

அந்தப் போட்டோகாரன் ஹைக்கல். கோலாலம்பூர்க்காரன். ஆறு வருஷமாக இந்தப் பக்கம் படமெடுக்க வந்தால் தங்குவது கியட்டின் அறையில். சாப்பாடு சூ ஹியாங்கின் மேசையில். அவன் முஸ்லிம்; அவனுக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, பன்றிக் கொழுப்புப் படாமல் எடுத்து வைத்திருப்பாள். இப்போது கடை வாசலில் போட்ட பந்தலில், துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வேர்க்கடலையும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தான். கண் வீங்கியிருந்தது.

சார்ஜன் அவனை முன்பே விசாரித்திருந்தார்.

"புதன்கிழமை ராத்திரி?"

"எட்டு மணிக்கு ஆண்ட்டி வீட்டுல சாப்பிட்டேன். கியட் டவுனுக்குப் போயிருக்கான்னு சொன்னேன். அப்படித்தான் என்கிட்ட சொல்லிட்டுப் போனான்."

"வியாழக்கிழமை விடியக்காலை?"

"அஞ்சு மணியிலருந்து ஆண்ட்டிகூட உக்காந்திருந்தேன். காப்பி குடிச்சோம்."

உண்மைதான். அவள்தான் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். உயிர் போன நேரத்தில் அவள் கண்ணுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தவன். அந்த ஊரிலேயே கெட்டியான சாட்சி அவனுக்குத்தான். அந்தச் சாட்சி அவளே.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சார்ஜனை இழுத்துக்கொண்டு சரிவுக்குப் போனாள். சரிவுக்குப் பின்னால், கிழக்கே, சுண்ணாம்புப் பாறைமலை சுவர்போல நின்றது. சரிவு முழுக்க நிழல். ஈரமான, சாம்பல் நிறமான நிழல். எதிர்க்கரையில் மட்டும் வெயில்.

"இங்க எப்ப சார்ஜன் வெயில் வரும்?"

"மலையைத் தாண்டணும்ல? பத்து பத்தரை ஆகும்."

"அழகா வெயில் விழுறது?"

"சாயங்காலம்தான். ஆத்துக்கு அந்தப் பக்கமிருந்து நேரா அடிக்கும். தங்கத் தண்ணி ஊத்தின மாதிரி இருக்கும்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். "ஏன் தவுக்கே?"

அவள் சரிவில் ஏறினாள். உச்சியில் பழைய ரப்பர் மரம் ஒன்று. இடுப்பு உயரத்தில் பட்டை சுற்றிலும் தேய்ந்து, பால் வடிந்து காய்ந்திருந்தது. பால் வெட்டுகிறவன் கத்தி இப்படிச் சுற்றிவர வெட்டாது. அவள் அந்தத் தேய்ந்த வளையத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை. பந்தலில் சீட்டாட்டம், சவ வீட்டில் தூங்காமல் இருக்க ஆடுவது. சூ ஹியாங் ஹைக்கலைப் பின்பக்கப் பட்டறைக்குக் கூப்பிட்டாள். மாட்டிக்கொண்ட வண்டிகளை இழுக்கும் வின்ச் பொருத்திய பழைய லாரிக்குப் பக்கத்தில் சார்ஜன் நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருடா."

"பரவாயில்ல ஆண்ட்டி."

"உக்காரு. நிக்கிறவன்கிட்ட எனக்குப் பேச வராது."

உட்கார்ந்தான்.

"அந்த ஜீப்பை யாரும் திருடலே சார்ஜன். படம் எடுக்கக் கொண்டுபோயிருக்காங்க. ஓடுற சக்கரம் சேத்தை வாரி அடிச்சா, முதல்ல மட்கார்டு வளைவுக்குள்ளதான் அப்பும். அங்க துளி இல்லே. அது ஓடிப் பட்ட சேறு இல்லே, பக்கெட்டுல கரைச்சு ஊத்தின சேறு. டேப்பு திருட்டை மறைக்க இல்லே, பத்திரிகை வழக்கம். டாக்டரே சொன்னாரு. மேல ரப்பர் மரத்துல பட்டை தேஞ்சிருக்கு. வண்டியைப் பின்னாடி மரத்தோட கட்டி, சரிவுல பாதியில தொங்கவிட்டா, கீழ இருந்து பார்க்கிறவனுக்குக் கயிறு தெரியாது. பாஞ்சு எறங்குற மாதிரி தெரியும். எத்தனை அட்டைப்படம் அப்படி எடுத்திருக்கேன்னு என் மேசையிலேயே உக்காந்து சொல்லியிருக்கே. இல்லையாடா?"

ஹைக்கல் தரையைப் பார்த்தான்.

"ஆண்ட்டி, விடியக்காலை நான் உங்ககூட..."

"ஆமாடா. அதுதான் எல்லாரும் ஏமாந்த இடம். செத்தது விடியக்காலை, அதனால விழுந்ததும் விடியக்காலைன்னு நெனச்சோம். சார்ஜனுக்கும் எனக்கும் வெயில் ஒண்ணுதான். படம் எடுக்கிறவனுக்கு அப்படியா? காலையில அந்தச் சரிவு இருட்டுக் கிடங்கு. அங்க கேமராவைத் தூக்குறவன் எவனும் சாயங்காலம்தான் தூக்குவான். வண்டி விழுந்தது புதன்கிழமை சாயங்காலம்."

சார்ஜன் மூச்சை உள்ளே இழுத்தார். "அப்போ ராத்திரி பூரா..."

"கஸ்டமர் வண்டிக்குள்ள என் பையன் சிகரெட்டு பத்தவெச்சதே இல்லே. நாத்தம் போகாதுன்னு நாந்தான் அறைஞ்சு பழக்கினேன். ஒரு பாக்கெட்டு முழுக்க ஊதியிருக்கான். துண்டைக்கூட வண்டியில போடாம திருப்பிப் பாக்கெட்டுலயே வெச்சிருக்கான். அவ்வளவு நேரம் இருந்திருக்கான்." குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் கேட்பவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சாயங்காலம் டாக்டர் கிளினிக்ல. கேமரா பிடிச்சவன் நீ. அவனை ஆத்துல விட்டுட்டு வந்து என் மேசையில சோறு தின்னவன் நீ."

ஹைக்கல் மறுக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு பேசினான்.

"திடல்ல நிறுத்தி எடுத்தா கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும், அட்டைக்கு ஆகாதுன்னேன். கியட்தான், வா, டாக்டர் வர்றதுக்குள்ள சரிவுல எடுத்துட்டுக் கழுவி வெச்சிடலாம்னான். என் பட்டைக்கயிறு பழசு. பிரேக்கை விடுடான்னு நான்தான் சொன்னேன், வண்டி நல்லா தொங்கணும்னு. அறுந்துடுச்சு. அறுந்த ரெண்டு துண்டையும் அப்புறமா நான்தான் அவிழ்த்துக்கிட்டு வந்தேன்."

"போய்ப் பார்த்தியா?"

"பார்த்தேன் ஆண்ட்டி. தண்ணி அப்ப அவன் முழங்காலுக்குக் கீழதான். கால் மாட்டியிருந்துச்சு. சிரிச்சான். கையால இழுத்தா வராது, வின்ச் லாரியைக் கொண்டுவான்னான். சிகரெட் பாக்கெட்டை எடுத்துக் குடுத்தேன். நான் வேற யாரையாவது கூப்பிடறேன்னேன். வேணாம், ஊருக்குத் தெரிஞ்சா டாக்டருக்குத் தெரியும், எங்கம்மா என்னைக் கொன்னுடுவா. அவ ஒன்பது மணிக்குத் தூங்கிடுவா, அப்புறம் சாவியை எடுத்துட்டு வான்னான்."

லாரிச் சாவி அவள் இடுப்பில் தொங்கியது. தூங்கப் போகும்போதுதான் கழற்றி ஆணியில் மாட்டுவாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"அப்புறம்?"

"நீங்க தூங்கலே ஆண்ட்டி."

பந்தலில் யாரோ ஜெயித்துச் சிரித்தார்கள். அடங்கியது.

"அவன் வரட்டும்னு கடை நாற்காலியிலேயே உக்காந்திருந்தீங்க. பத்தாச்சு, பன்னெண்டாச்சு. போய்ப் படுங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். அவன் சாப்பிடாம எப்படிப் படுப்பேன்னீங்க. சொல்லிடலாம்னு வாயைத் திறப்பேன். இன்னும் கொஞ்ச நேரத்துல தூங்கிடுவீங்க, அவன் சொன்னபடியே முடிஞ்சிடும்னு தோணும். மூணு மணிக்குப் பயம் வந்து மோட்டார் சைக்கிள்ல ஓடினேன். ஆத்தோரப் பாதை முங்கிப்போச்சு. நின்னு கூப்பிட்டேன். தண்ணிச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. செத்துட்டான்னு நெனச்சு அஞ்சு மணிக்குத் திரும்பி வந்தேன். வந்தா, நீங்க அப்பவும் உக்காந்திருந்தீங்க. காப்பி போடவான்னு கேட்டீங்க."

"மூணு மணிக்கு உயிரோட இருந்தான்," என்றார் சார்ஜன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கவேண்டாம் என்று உணர்ந்தார்.

ஹைக்கல் சட்டைப் பையிலிருந்து கேமரா கார்டை எடுத்து நீட்டினான். யாரும் வாங்கவில்லை. லாரியின் படியில் வைத்தான். கான்ஸ்டபிள் வந்து அவனை அழைத்துப் போனான். போகும்போது பழக்க தோஷத்தில், "வரேன் ஆண்ட்டி" என்றான்.

இருவர் மட்டும் மிஞ்சினார்கள். சார்ஜன் தொப்பியைக் கழற்றினார்.

"ஜெயிச்சிட்டீங்க தவுக்கே. நாளைக்குக் காலையில அவனைத் திருடன்னு ஒருத்தன் சொல்ல முடியாது. ராத்திரியே அறிக்கையை மாத்தி எழுதிடறேன்."

"சார்ஜன்."

"சொல்லுங்க."

"திருடன்னே இருக்கட்டும்."

"தவுக்கே?"

"பழைய பேப்பர் உன்கிட்ட இருக்குல்ல? விடியக்காலையில திருடிட்டுப் போனான், வேகமா வந்தான், விழுந்த உடனே செத்தான். அதையே வெச்சுக்கோ. தெருவுல எவன் என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போறான். நான் கேட்டுக்கறேன்."

"எப்படித் தவுக்கே முடியும்? அந்தப் பையன் வாக்குமூலம் குடுத்துட்டான்."

"விழுந்த உடனேன்னு எழுது. உனக்கென்ன குறைஞ்சுடும்?"

வான் ரம்லி தொப்பியைக் கையில் திருப்பினார். இருபது வருஷமாக அவளைத் தெரியும். சொன்ன விலையில் ஒரு காசு மாற்றாதவள். வேண்டாமென்றால் கடையை விட்டுப் போ என்பவள்.

"சரி, ஒரு மணி நேரம் உயிரோட இருந்தான்னு எழுது," என்றாள். "ஒரு மணி நேரம்னா தாங்கிக்கலாம்."

அவர் தலைகுனிந்தார்.

"ரெண்டு."

அவள் அருகில் வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"மூணு மணி நேரம் சார்ஜன். இதுக்கு மேல என்னால முடியாது. கொஞ்சம் இறங்கி வா."