இன்னும் குறுக்கு

இரண்டாவது ஹெட்போனின் காதுத்திண்டு வெதுவெதுப்பாக இருந்தது.

ஓரமாக எடுத்துவைக்கத்தான் தொட்டான். மனைவி இறந்தபின் அதை யாரும் மாட்டவில்லை. ரேடியோவின் சூடாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, அவள் நாற்காலியின்மேலேயே திரும்ப வைத்தான். ரேடியோவை இன்னும் போடவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

ஒரு ரேடியோ, இரண்டு ஹெட்போன். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுடைய மாலைகள் அப்படித்தான் போயின. பொழுது சாய்ந்தால், புள்ளியும் கோடுமாகச் செய்தி தட்டும் மோர்ஸ் நிலையங்கள் சந்தைக் கூட்டம்போல ஒன்றின்மேல் ஒன்று விழும். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேரை உள்ளே விடுவது என்று தீர்மானிப்பது கிரிஸ்டல் ஃபில்டர். ஐந்நூறு ஹெர்ட்ஸ் அகலம் என்றால் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அவள் அவனை முழங்கையால் இடிப்பாள். "குறுக்கு, குறுக்கு." அவன் சுவிட்சை இருநூற்றைம்பதுக்குத் தள்ளுவான். பாதிப் பேர் காணாமல் போவார்கள். அவள் சிரிப்பாள்.

நடையை வைத்து ஆளைச் சொல்வதுபோல, மோர்ஸில் கையை வைத்து ஆளைச் சொல்லலாம். அவள் கை ஒவ்வொரு சொல்லின் கடைசிக் கோட்டையும் சற்று இழுக்கும். கிளம்புகிறேன் என்று எழுந்துவிட்டு வாசலில் இன்னும் ஒரு வார்த்தை பேசி நிற்பவளைப்போல.

போன மாதம் பலத்த ஒரு நிலையத்துக்கு அடியில் ஏதோ முனகியது. இருநூற்றைம்பதுக்குக் குறுக்கியபோது அந்த இழுப்பு கேட்டது. மறுநாளே அவளுடைய அண்ணனிடம் நூறு ஹெர்ட்ஸ் ஃபில்டர் கேட்டான். மச்சான் வீட்டிலேயே கிரிஸ்டல்களை ஒவ்வொன்றாக அளந்து, ஒத்துப்போவதை மட்டும் பொறுக்கி ஃபில்டர் கட்டுகிறவர். நூறில் இழுப்பு நீண்டது. சொல்லும் புரிந்தது. ஒரே செய்திதான், திரும்பத் திரும்ப.

இன்னும் குறுக்கு.

இன்று ஐம்பது. மச்சான் காலையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "இதுக்குள்ள கொசு நுழையணும்னாக்கூட ஒருக்களிச்சுத்தான் நுழையணும். எதுக்குடா உனக்கு இது?"

ஃபில்டரை ரேடியோவில் பற்றவைத்து முடித்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. ஈயப் புகையின் வாடை அறையில் தங்கியிருந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது, மாடி வீட்டுக் குழந்தை நாற்காலியைத் தரையோடு இழுத்துக்கொண்டிருந்தது, தலைக்கு மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கிரீச்சிட்டது. ரேடியோவைப் போட்டு ஹெட்போனை மாட்டினான். ஐம்பதுக்குத் தள்ளினான்.

கூட்டம் போயிற்று. இரைச்சல் போயிற்று. கிணற்றடியில் தட்டிய கிண்ணம்போல ஒரே ஒரு சுருதி, ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் விடமாட்டேன் என்று நீண்டு ஒலித்தது.

அவள்தான்.

கைப்பேசி அதிர்ந்தது. ஒரு காதை மட்டும் விலக்கிக்கொண்டு எடுத்தான்.

"மாட்டிட்டியா மாப்ள?"

"மாட்டிட்டேன். மச்சான், அவ வர்றா."

"யாரு?"

"அவ கை. கடைசிக் கோட்டை இழுக்குறா. கேட்டா நீங்களே சொல்லுவீங்க."

"டேய். நீ படிச்சவன்தானே? ஃபில்டரைக் குறுக்கினா அது மணி மாதிரி ரீங்கரிக்கும். எவன் தட்டினாலும் வால் நீளும். வெறும் இரைச்சலைக் குடுத்தாக்கூட கோடு கோடா ஆக்கிக் காட்டும். அது என் தங்கச்சி இல்லடா."

அவனுக்கும் இது தெரியும். ரேடியோ தொட்ட எவனுக்கும் தெரியும். ஒரு மாதமாக அதை நினைக்காமலிருக்கத்தான் பாடுபட்டான்.

"அகலத்துல போட்டுக் கேளு. ஐந்நூறுலயும் இழுத்தா நான் நம்புறேன். உன் வீட்டுச் சாவி எங்கிட்ட இருக்கு, அடுத்த தெருதானே, இதோ நானே..."

குரல் நின்றது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தான். வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மச்சான் இன்னும் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

கைப்பேசியை மேசையில் வைத்தான். வைத்த சத்தம் கேட்கவில்லை.

சுவிட்சை ஐந்நூறுக்குத் தள்ளினான். கூட்டம் திரும்ப வந்து காதில் அறைய வேண்டும். வரவில்லை. அதே சுருதி. அதே இழுப்பு. இன்னும் குறுக்கு.

ஆன்டெனா கம்பியைப் பிடுங்கினான்.

அதே சுருதி.

ரேடியோவை அணைத்தான். முகப்பு விளக்கு இருண்டது.

இன்னும் குறுக்கு.

ஹெட்போனைக் கழற்றினான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கிரீச் இல்லை. ஃபிரிட்ஜ் இல்லை. குழந்தை இல்லை. கைதட்டினான். உள்ளங்கைகள் எரிந்தன. அந்தச் சுருதியைத் தவிர ஒன்றுமில்லை. அவள் தட்டுவது மட்டும் காதில் விழுந்தால் போதும் என்று ஒரு மாதமாக ஒவ்வொரு மாலையும் வேண்டியிருந்தான்.

"நீதானா?" என்றான். தன் குரலும் கேட்கவில்லை.

சுருதி நின்றது. பிறகு தொடங்கியது, வேகமாக, இழுப்பே இல்லாமல். ஒவ்வொரு கோடும் கத்தியால் நறுக்கியதுபோல. அப்படித் தட்டும் கையை அவன் எந்த நிலையத்திலும் கேட்டதில்லை.

இன்னும். இன்னும். இன்னும்.

கதவு திறந்தது. மச்சான். வாய் அசைந்தது. சத்தமில்லை. தோளில் அவர் சட்டை ஒரு பக்கம் மடங்கியிருந்தது, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருக்கிறார். அவன் கையை நீட்டினான். மச்சான் அதைப் பற்றவில்லை. அவர் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனார். சுவரில் முட்டினார். வாய் இன்னும் திறந்தே இருந்தது.

அறையின் ஓரங்கள் இருண்டன. முதலில் ஜன்னல் போயிற்று. பிறகு அலமாரி. பிறகு கதவு. பிறகு மச்சானின் கைகள், முகம்.

திரும்பினான்.

பார்க்க மிச்சமிருந்தது ஒன்றுதான். இரண்டாவது ஹெட்போன். நாற்காலிக்கு மேலே, காற்றில், தலையில் மாட்டினாற்போல விரிந்து நின்றது. அவன் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

அவள் நின்றால் அவன் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

முழங்கையால் ஓர் இடி.