காலைத் தூக்கி உட்கார்ந்த ஊர்

ரூபினா வாயைத் திறப்பதற்குள் வண்டி வந்துவிட்டது.

எப்போதும் இப்படித்தான். அக்கா செலஸ்தீனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டிகள் வந்து நிற்கும் கூடுதுறையின் நீலத் தரையில் கால் வைப்பாள். உடனே உப்பளங்களுக்கு அப்பால், வெயிலும் தண்ணீரும் ஒன்றாகக் கலங்கும் இடத்தில், ஒரு வெள்ளிப் புள்ளி தோன்றும். சோப்புக் குமிழி போல ஓசையில்லாமல் வந்து நின்று கதவைத் திறக்கும். மூவழி வண்டி. நிலத்தில் உருளும், கடலில் இறங்கி நீந்தும், அலை பெரிதாக இருந்தால் மேகத்துக்குள் ஏறிக்கொள்ளும்.

"அக்கா, ஒரு விஷயம்..."

"சொல்லுட்டி, சீக்கிரம்."

"ஒன்னுமில்ல. பாத்துப் போ."

கதவு மூடியது. குமிழி கடலில் இறங்கிக் கரைந்தது. 'என்னையும் கூட்டிட்டுப் போ' என்ற வாக்கியம் இந்தத் தடவையும் ரூபினாவின் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

வீட்டில் சொல்லியிருக்கலாமே என்றால், புன்னைமுனையில் அது நடக்காது. அந்த ஊரில் நான்கு சுவருக்குள் மீன் குழம்பு பற்றிப் பேசுவார்கள், காற்று பற்றிப் பேசுவார்கள். மனசில் இருப்பதைப் பேச மாட்டார்கள். அதற்கென்று ஓர் இடம் உண்டு. ஊருக்குப் போகிறவரை வழியனுப்பப் போய், அவர் வண்டிப் படியில் ஒரு கால் வைத்த பிறகுதான் நாக்கு அவிழும். பெண் கேட்பது, மன்னிப்புக் கேட்பது, கட்டிப்பிடித்து அழுவது எல்லாம் அங்கேதான். ஒருவர் புறப்பட்டால் பதினைந்து பேர் கூடப் போவதும் அதனால்தான்.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாது.

ஒரே பயணச் சட்டம் வருவதற்கு முன் பேருந்துக்கு ஒரு துறை, ரயிலுக்கு ஒரு துறை, படகுக்கு ஒரு துறை என்று இருந்ததாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பணம், தனித்தனிச் சீட்டு. பேருந்து விட்ட இடத்துக்கும் படகு புறப்படும் இடத்துக்கும் நடுவில் கிடந்த மணல்வெளி யாருக்கும் சொந்தமில்லை. அதில்தான் ஜனங்கள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். நாடாளுமன்றம் அத்தனை துறைகளையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி இரண்டு வரி எழுதியது. பயணம் என்பது புறப்படும் வாசலிலிருந்து சேரும் வாசல் வரை உள்ள முழுத் தொலைவு. யார் எங்கே காத்திருக்கிறார்களோ, பணம் அங்கே போகட்டும்.

காத்திருப்பவர்களை எண்ணுவதற்குக் கூடுதுறைதோறும் கால்மானி பதித்தார்கள். மேலே நிற்கும் பாதங்களை உணரும் நீலத் தரை அது. அத்தனை தரைகளும் சொல்வதைக் கேட்டு, தாகம் எங்கே இருக்கிறதோ அங்கே நிதியையும் வண்டியையும் அன்றன்றைக்குத் திருப்பிவிட 'இணைப்பி' என்ற இயந்திர மூளை இருந்தது. அது தூங்குவதில்லை. நாடு முழுவதும் கிடக்கும் பாதங்களை, தாய் பிள்ளையைத் தடவிப் பார்ப்பது போலத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

புன்னைமுனையில் அது திகைத்துப் போனது. ஒருவர் ஏறுகிறார்; பதினைந்து பேர் ஏறாமல் நிற்கிறார்கள். ஐயோ, இத்தனை பேர் காத்துக் கிடக்கிறார்களா! மணல் திட்டு மேல் இருந்த அந்தச் சின்ன ஊருக்குத் தலைநகருக்குப் போகிற அளவு பணம் பாய்ந்தது. கால் பட்டால் வண்டி. வழியனுப்பும் நேரம் சுருங்கிச் சுருங்கி ஒரு மூச்சுக்கு வந்துவிட்டது.

"அழக்கூட விடமாட்டேங்கி இந்த மிஷினு," என்பாள் பிலோமி சித்தி. "மூக்கச் சிந்திட்டு நிமிந்தா ஆளக் காணும்."

அடுத்த முறை அக்கா வந்து திரும்பும்போது, வழியனுப்ப மற்றவர்கள் வந்து சேருமுன், ரூபினாவின் செருப்பு வார் அறுந்தது.

கூடுதுறையின் ஓரத்தில் பழைய கடல் தடுப்புச் சுவர் ஒன்று இருந்தது. ரூபினா அதன்மேல் ஏறி உட்கார்ந்து வாரைக் கோத்தாள். பையைப் பிடித்துக்கொண்டு அக்காவும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நான்கு கால்களும் காற்றில் தொங்கின. உப்பளத்தின் மேல் வந்துகொண்டிருந்த வெள்ளிப் புள்ளி நின்றது. வாசனையைத் தவறவிட்ட பூனை போலக் கொஞ்சம் தயங்கியது. பிறகு வந்த வழியே திரும்பிப் போனது. நீலத் தரை சாம்பல் நிறமாக மங்கியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே ரூபினா சொல்லிவிட்டாள்.

"என்னையும் கூட்டிட்டுப் போ."

அக்காவின் சிரிப்பு நின்றது. நடுக்கடலில் மிதக்கும் பாசித்தோட்ட நகரத்தில்தான் அவளுக்கு வேலை. "அங்க வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் எடம், ரூபி. ரெண்டு பேருக்குக் கெடையாது. நாம விட்டா அந்த எடம் அடுத்த வீட்டுக்குப் போயிரும்." பையைச் சுவரில் இறக்கி வைத்தாள். "எனக்கு அங்க போகவே பிடிக்கல. பிரிட்டோ இருக்காம்லா, கணக்கு வாத்தியாரு, என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டான்."

"எப்பக்கா?"

"போன வருசம். வண்டிக் கதவு மூடும்போது. பதில் சொல்லங்குள்ள மூடிருச்சு. அதுக்கப்பறம் நான் எப்பச் சொல்ல?"

"அப்ப நீ இரி. உன் எடத்துக்கு நான் போறேன்."

"ரூபி, நீயா? கடைக்குப் போய் உப்பு கேக்கவே கூச்சப்படுவ!"

"கடல் ஒன்னும் திருப்பிக் கேள்வி கேக்காதுல்லா."

"சரி. அப்பாட்ட யாரு சொல்லுவா?"

அதற்குள் வழியனுப்ப மற்றவர்கள் வந்துவிட்டார்கள். அக்கா கீழே கால் வைத்தாள். வண்டி வந்தது, போனது.

ஆனால் சுவர் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பிலோமி சித்தி முதலில் ஏறினாள். அவளைப் பார்த்து மற்றவர்கள். போகிறவரும் அனுப்புகிறவர்களும் தரையை மிதிக்காமல் பின்பக்க மணலிலிருந்து ஏறி, சுவரில் வரிசையாக, காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பழைய சண்டைகள் தீர்ந்தன, புதுக் கல்யாணங்கள் முடிவாயின. பேச்சின் சுகத்தில் போக வேண்டியவர்கள் போகாமலே வீட்டுக்குத் திரும்பினார்கள். பிறகு யாரும் புறப்படாத நாட்களிலும் சும்மா வந்து உட்கார்ந்தார்கள். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்பது சித்தி போட்ட விதி. கடைசியில் வண்டி ஏறுகிறவர் என்று அக்காவைத் தவிர யாருமில்லை. நீலத் தரை எந்நேரமும் சாம்பலாகவே கிடந்தது, கனவு காணாத தூக்கம் போல.

அக்கா மறுபடி வந்து திரும்ப வேண்டிய நாளில் அப்பா சூசையும் சுவரில் ஏறினார். முட்டி வலியோடு, இரண்டு பேர் தூக்கிவிட, ஏறினார். வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். சுவரின் கடைசியில் உட்கார்ந்திருந்த பிரிட்டோ வாத்தியார் கீழே விழப் பார்த்தார்.

அப்பா முட்டியைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தார். "நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்? எந்தப் பிள்ளையும் என்ட்ட ஒன்னும் கேக்கலியே," என்றார். பிறகு ரூபினாவின் தலையில் கை வைத்தார். "போய்ட்டு மாசா மாசம் வந்துரணும் தாயி. இந்தச் சுவத்துல உனக்கு எடம் போட்டு வச்சிருப்பேன்."

சித்தி மூக்கைச் சிந்தினாள். இந்தத் தடவை நிதானமாக.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அத்தனை பேரும் தன்னைப் பார்த்து ஆளுக்கொரு புத்தி சொல்லப் போகிறார்கள் என்று ரூபினாவுக்குக் கூச்சமாக இருந்தது. இனியும் உட்கார்ந்திருந்தால் இன்றைக்குப் போக முடியாது. அக்காவின் பையை எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கி, சாம்பல் தரையில் ஒரு காலை வைத்தாள். அவள் பாதத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் மட்டும் நீலமாக மலர்ந்தது.

வண்டி வந்தது. ஏறினாள். கதவு மூடியது.

"வணக்கம், ரூபினா," என்றது இணைப்பியின் குரல், காதுக்குள் பஞ்சு வைத்தது போல. "இன்று புன்னைமுனையில் காத்திருந்தவர் நீங்கள் ஒருவரே."

மனிதர்களிடம் பேசுவதைவிட அதனிடம் பேசுவது எளிதாக இருந்தது. "சுவத்துல அத்தன பேரு இருக்காங்களே?"

"தரையில் யாரும் இல்லை. பல நாட்களாகவே இல்லை. காத்திருப்பே இல்லாத முதல் ஊர் இது. இன்று காலை நாடாளுமன்றம் புன்னைமுனையைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. இங்கே எங்கள் வேலை நிறைவாக முடிந்தது. சட்டப்படி, இந்த ஊரின் பங்கு நாளை முதல் காத்திருப்பவர்கள் இருக்கும் ஊர்களுக்குப் போகும். பொழுது சாய்ந்ததும் கால்மானியை எடுத்துவிடுவோம்."

"எடுத்துட்டா? நான் எப்படித் திரும்பி வருவேன்?"

"புன்னைமுனை என்ற சேருமிடம் நாளை முதல் இருக்காது."

அவள் கண்ணாடி வழியே சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "யாராவது இப்பத் தரையில நின்னா?"

"நீங்கள் ஏறிவிட்டதால் உங்கள் காத்திருப்பு முடிந்தது. பொழுது சாய்வதற்குள் இன்னொரு பாதம் பட்டால் கணக்கு மாறும்."

"அப்ப என்னை இறக்கி விடுங்க!"

"பயணம் என்பது சேரும் வாசல் வரை உள்ள முழுத் தொலைவு. நடுவில் நிறுத்தினால் அது காத்திருப்பு ஆகிவிடும்," என்றது குரல் அன்பாக.

வண்டி கடலை நோக்கி வளைந்தது. ரூபினா கண்ணாடியில் இரண்டு கைகளாலும் அடித்தாள். "கீழ எறங்குங்க! காலக் கீழ வைங்க!" வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக அவள் பேசியதே இல்லை. குமிழிக்கு வெளியே ஒரு முணுமுணுப்புக்கூடப் போகவில்லை. தரையைச் சுட்டிச் சுட்டிக் காட்டினாள்.

சுவரில் இருந்தவர்களுக்கு அப்போதுதான் அவள் போவது தெரிந்தது. அப்பா பதறி, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மெல்லக் கீழே இறக்கினார். பெருவிரல் தரையைத் தொட ஒரு சாண் இருந்தது.

பிலோமி சித்தி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடிக்குள் குதித்துக் குதித்துக் கையை ஆட்டும் ரூபினாவைச் சுட்டிக் காட்டி என்னவோ சொல்லிச் சிரித்தபடி தானும் கையை ஆட்டினாள். அப்பாவின் முகம் மலர்ந்தது. காலை மறுபடி மேலே தூக்கிக்கொண்டார்.

அந்திச் சிவப்பில் ஊர் முழுவதும், வரிசையாகக் கால்களை ஆட்டிக்கொண்டு, அவளுக்குக் கையசைத்தது.