நைக்ரெசென்ஸ் என்றொரு பெயர்

பேகம்பூர் மாடி அறைக்கு மூச்சு வாங்க ஏறிவந்த அருள்நாதன், உட்காரும் முன்பே சொன்னார்: "ஒரு செடியக் காணோம்மா."

அங்கே துப்பறியும் அலுவலகம் நடத்தும் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் பாஸிலா நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவளுடைய உதவியாளர் இஃப்பத் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அருள்நாதன் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். கன்னிவாடி மலையடிவாரத்தில் அவர் கண்டெடுத்தது இதுவரை யாரும் பெயரிடாத செடி. உலர்த்தித் தாளில் ஒட்டி, படிப்பறை அலமாரியில் வைத்திருந்தார். அது மறைந்துவிட்டது. முளைத்திருந்த இடத்தில் இப்போது தார்ச்சாலை.

"பூ மஞ்சள். காஞ்சதும் கரியாக் கறுத்துரும். அதனால லத்தீன்ல 'நைக்ரெசென்ஸ்'னு பேர் வைக்க இருந்தேன். கறுத்துப்போவதுன்னு அர்த்தம். கறுக்குற விஷயத்த யார்கிட்டயும் சொல்லல. பேரைப் பதிவு பண்ணிட்டா ஆஸ்திரேலியாவுல மக ஷைனிகிட்ட போயிருவேன். இங்க எனக்கு யாரு இருக்கா?"

அவர் வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் இருவர்தான்: கார் ஓட்டும் சுருளிவேல், பக்கத்து வீட்டு வியாகுலம்மாள். அன்று மாலையே இருவரையும் அந்த வீட்டுக் கூடத்துக்கு வரச்சொன்னாள் பாஸிலா.

"அந்த மஞ்சப் பூச் செடியா? சார் பறிக்கையில நாந்தான் குடை பிடிச்சேன். படிப்பறைக்குப் புத்தகம் தூக்கிட்டும் போவேன்," என்றான் சுருளிவேல்.

"இவன்தான்க்கா," என்று கிசுகிசுத்தாள் இஃப்பத்.

வியாகுலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் அந்த ரூம் வாசப்படி மிதிச்சதில்ல. ஒரு கறுத்த பூவுக்கா இம்புட்டு விசாரணை?"

பாஸிலா குரலை உயர்த்தவில்லை.

"செடியில இருந்தப்ப அது மஞ்சள். சுருளிவேல் சொன்னது அதைத்தான். கறுப்புன்னு தெரியணும்னா, காஞ்ச பூவப் பாத்திருக்கணும். அது அந்த அலமாரியில மட்டுந்தாம்மா இருந்துச்சு."

வியாகுலம்மாள் எழுந்து தன் வீட்டுக்குப் போனார். திரும்பியபோது சேலைத் தலைப்பால் மூடி அந்தத் தாளைக் கொண்டுவந்தார். ஓர் இதழ்கூட உதிரவில்லை.

"பேரு வச்சுட்டாப் போயிருவேன்னு சொன்னீங்கல்ல சார். உங்க வீட்டு லைட்டு எரியுறதப் பாத்துட்டுத்தான் நான் கண்ண மூடுறேன்."

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார் அருள்நாதன்.

"சொன்னா நின்னுருப்பீங்களா?"

அருள்நாதன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செடிக்குப் பெயர் பதிவானது. அவர் கிளம்பிய அன்று வீட்டுச் சாவியை வியாகுலம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனார். இருட்டியதும் வியாகுலம்மாள் போய் அந்த வீட்டுக் கதவைத் திறந்தார். லைட்டைப் போட்டுவிட்டு, பூட்டிக்கொண்டு, தன் வீட்டுக்கு வந்து படுத்தார்.