மூன்றாவது தடவை அழைத்தால்...

கதவைத் திறந்த ரபாப் அப்படியே நின்றுவிட்டாள்.

வாசலில் நெர்மின்! பின்னால் அவனோடு படிக்கும் நாலு பேர். கையில் இனிப்புப் பெட்டி. முகம் முழுக்கச் சிரிப்பு...

"சாப்பிட வரச் சொன்னீங்களே!"

சொன்னாள்தான். போஸ்னியாவிலிருந்து படிக்க வந்த மாணவர்கள் இவர்கள். காலையில் பழங்காலக் கோயில்களைப் பார்ப்பார்கள், மாலையில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் அடிப்பார்கள். கல்லூரி மாணவி ரபாப்தான் கூடவே அலையும் வழித்துணை. நேற்று பிரியும்போது, "நாளைக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்றாள். எகிப்தின் இந்த லக்ஸர் ஊரில் யாரும் யாரிடமும் சொல்வதுதான். கேட்டவர் நெஞ்சில் கைவைத்து, 'நன்றி, இன்னொரு நாள்' என்று நகர வேண்டும்.

இவன் நகரவில்லை. வந்தே விட்டான்!

உள்ளே அம்மா கன்னத்தில் அடித்துக்கொண்டாள். "அடியே, நம்ம நாலு பேருக்குக் கீரை மட்டும்தான்டி இருக்கு!"

"வாங்க, வாங்க! வீடே வெளிச்சமாச்சு!" என்றார் அப்பா. அடுத்த நிமிஷம் கொல்லையில் வாத்துகள் அலறின. அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கென்று வளர்த்த வாத்துகள்...

"நெர்மின்னா இங்கே பொண்ணு பேராச்சே?" அம்மா பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"எங்க ஊர்ல ஆம்பளைப் பேரும்மா. சந்தேகமா இருந்தா மீசை வளர்த்துடறேன்."

அப்பாவே சிரித்துவிட்டார். ரபாப் நிமிர்ந்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பலும் பச்சையும் கலந்த கண்கள்... மழையையே பார்க்காத ஊரில் பிறந்தவளுக்கு அந்த நிறத்துக்குப் பெயர் தெரியவில்லை. உள்ளே எதுவோ நனைந்தது மட்டும் தெரிந்தது.

மறுநாள் வேன் ஓட்டும் கலஃப் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார்.

"கூப்பிட்டா உடனே போயிடறதா தம்பி? நிச்சயதார்த்த வாத்தையே தின்னுட்டு வந்திருக்கீங்க! ரெண்டு தடவை மாட்டேன்னு சொல்லணும். மூணாவது தடவையும் கூப்பிட்டாத்தான் அது மனசுலேர்ந்து வருது!"

நெர்மினின் முகம் செத்துப்போனது.

அன்றிலிருந்து அவன் வேறு ஆள். கோயிலில் கூட்டத்தின் கடைசியில் நின்றான். பள்ளியில் வர்ணம் அடிக்கத் தூரத்துச் சுவராகப் பார்த்துப் போனான்.

"டீ குடிங்க" என்பாள். நெஞ்சில் கை போகும். "நன்றி, இன்னொரு நாள்."

மரியாதை கத்துக்கிட்டானாம்! தம்ளரை அவன் தலையிலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது. இன்னொரு தடவை கேட்கலாமா? ம்ஹூம், நான் ஏன் கெஞ்சணும்? ஆனால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கால் தானாக அந்தத் தூரத்துச் சுவர்ப் பக்கமே போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது...

கடைசி நாளும் வந்துவிட்டது. மறுநாள் காலை கெய்ரோ ரயில். அவன் குழாயடியில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். நீலம் கரைந்து ஓடியது. இப்போது விட்டால்... அவ்வளவுதான்.

"சாயங்காலம் வீட்டுக்கு வாங்க."

நெஞ்சில் கை. "நன்றி. இன்னொரு நாள்."

"இன்னொரு நாள் ஏது? ரயில் நாளைக்கு. வாங்க."

"உங்க வீடு எப்பவும் நிறைஞ்சிருக்கட்டும்."

இரண்டு முடிந்தது. இன்னொரு தடவை சொன்னால் திரும்ப வாங்க முடியாது. சிரித்துவிட்டானென்றால்...?

"வாங்க, நெர்மின்."

தூரிகை நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"இது... மூணாவது தடவை."

"எண்ணித்தான் சொன்னேன்."

"நண்பர்களையும்..."

"அவங்க வேண்டாம். தனியா வாங்க. அப்பாவைப் பார்க்கணும்னு சொல்லி வாங்க."

ஒரு பையன் தனியாக வந்து பெண்ணின் அப்பாவைப் பார்க்கக் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று கலஃப் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவன் காது மடல் சிவந்தது.

"தினமும் ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடுவீங்க. இன்னொரு தடவை கேட்க மாட்டாங்களான்னு நான் தவிச்சது உங்களுக்குத் தெரியாது ரபாப்! என் மனசு அந்தச் சாப்பாட்டு மேஜையிலேயே தங்கிடுச்சு. சொல்ற தைரியம்தான் இல்லை... வாத்து வேற தின்னுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

"வெறுங்கையோட வரமாட்டேன்" என்றான். "என்ன கொண்டுவரட்டும்? இனிப்பா?"

"ரெண்டு வாத்து" என்றாள். "உயிரோட. வளர்க்கணும்... வீட்டுல இன்னொரு நிச்சயதார்த்தம் வருது."